ரயில் பவனுக்கும் ராஜீவ் காந்தி பவனுக்கும் சேர்த்து ஒரு திறந்த மடல்

பெறுநர்:
ரயில்வே வாரியத் தலைவர் அவர்கள், ரயில் பவன், புது தில்லி.
குடிமை விமானப் போக்குவரத்து அமைச்சகச் செயலர் அவர்கள், ராஜீவ் காந்தி பவன், புது தில்லி.

பொருள்: தில்லி – தமிழ்நாடு பயணக் கட்டணங்களும், விமானத்தில் பாதி ரயிலில் பாதி என்று ஊர் போய்ச் சேரும் பயணிகளின் நிலையும்.

மதிப்பிற்குரியவர்களுக்கு வணக்கம்.

உங்கள் இருவருக்கும் தனித்தனியே எழுதியிருக்கலாம். அப்படி எழுதினால் ரயிலைப் பற்றிய குறை ஒரு பவனிலும் விமானத்தைப் பற்றிய குறை மற்றொரு பவனிலும் கோப்பாகிவிடும். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கும் பயணியைப் பற்றிய கோப்பு எங்குமே திறக்கப்படாது. தில்லியில் வாழும் தமிழர்களாகிய நாங்கள் ஊருக்குப் போவதென்றால் ரயிலா விமானமா என்று ஒவ்வொரு முறையும் கணக்குப் போட்டுத்தான் ஆக வேண்டியிருக்கிறது. அந்தக் கணக்கில் பாதி உங்களில் ஒருவர் கையிலும் மறுபாதி மற்றவர் கையிலும் இருக்கிறது. ரயிலில் இடம் கிடைக்காமல் போவதால் விமானக் கட்டணம் ஏறுகிறது. விமானம் தாமதமானால் ரயில் டிக்கெட்டுக்குக் கொடுத்த பணம் போய்விடுகிறது. ஒரு துறையின் குறை இன்னொரு துறையின் பயணியிடம் வசூலாகும் இந்த ஏற்பாட்டை இருவரும் ஒன்றாக உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். இரண்டு பவன்களுக்கும் இடையே உள்ள தூரம் ஆட்டோவில் கால் மணி நேரம்தான்.

தில்லித் தமிழர் என்றதும், மத்திய அரசு அலுவலகங்களில் பணிபுரிந்து, ராமகிருஷ்ணபுரத்திலோ கரோல் பாகிலோ மயூர் விஹாரிலோ குடியிருந்து, எல்.டி.சி. என்னும் விடுப்புப் பயணச் சலுகை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய்வருகிறவர்களே பலருக்கும் நினைவுக்கு வருவார்கள். நானும் அந்த வகையைச் சேர்ந்தவன்தான். ஆனால் இந்த நகரத்தில் வீட்டு வேலை செய்தும் சமையல் வேலை பார்த்தும் பிழைக்கும் தமிழர்களும் ஏராளம். ஜங்புராவில் பாராபுல்லா வாய்க்காலை ஒட்டியிருந்த மதராசி கேம்ப் 2025 ஜூன் 1ஆம் தேதி இடிக்கப்பட்டபோது, தகுதியுடையோர் என்று ஏற்கப்பட்ட குடும்பங்களுக்கு நகரின் வடகோடியில் இருக்கும் நரேலாவில் மாற்று வீடு ஒதுக்கப்பட்டது. நிஜாமுதீன் நிலையத்துக்கு ஆட்டோவில் பத்து நிமிடத்தில் போய்ச் சேர்ந்தவர்கள் இன்று மூட்டை முடிச்சுகளோடு நகரத்தையே குறுக்காகக் கடந்துதான் ரயிலைப் பிடிக்க வேண்டும். அவர்களைப் பொறுத்தவரை விமானம் என்பது விலை ஒப்பிட்டுப் பார்த்து வாங்கும் ஒன்றன்று. ஊரிலிருந்து சாவுச் சேதி வந்தால் கடன் வாங்கி ஏறுவது. அப்படி ஏறும் நாளில்தான் விலையும் உச்சத்தில் இருக்கிறது.

கட்டணங்களுக்கு வருகிறேன். புது தில்லியிலிருந்து சென்னை சென்ட்ரல் வரை தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஓடும் தூரம் சுமார் 2,180 கிலோமீட்டர். இரவு ஏறினால் மூன்றாம் நாள் காலை இறங்கலாம். ஏறத்தாழ 33 மணி நேரம். ஸ்லீப்பர் வகுப்புக்கு ஆயிரம் ரூபாய்க்குள்ளும், தேர்ட் ஏசிக்கு இரண்டாயிரத்தைச் சற்றுத் தாண்டியும், செகண்ட் ஏசிக்கு மூவாயிரத்தை ஒட்டியும் கட்டணம் இருக்கிறது. 2025 ஜூலை 1ஆம் தேதி ஏசி வகுப்புகளுக்குக் கிலோமீட்டருக்கு 2 பைசாவும், ஏசி இல்லாத மெயில், எக்ஸ்பிரஸ் வகுப்புகளுக்கு 1 பைசாவும் உயர்த்தினீர்கள். அதே ஆண்டு டிசம்பர் 26ஆம் தேதி இரண்டு வகைக்கும் மீண்டும் 2 பைசா கூட்டினீர்கள். இரண்டு உயர்வுகளையும் சேர்த்தாலும் தில்லியிலிருந்து சென்னைக்குத் தேர்ட் ஏசியில் போகிறவருக்கு நூறு ரூபாய்க்குள்தான் கூடியிருக்கிறது. இதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பயணிகளுக்குச் சராசரியாக 46 விழுக்காடு சலுகை தரப்படுவதாக ரயில்வே அமைச்சர் 2024இல் நாடாளுமன்றத்தில் சொன்னதையும் நான் மறுக்கவில்லை.

விமானத்தில் தில்லியிலிருந்து சென்னைக்கு மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம். கூட்டமில்லாத மாதங்களில் மூன்று நான்கு வாரம் முன்னதாகவே எடுத்தால் ஐயாயிரம், ஆறாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும். இந்த விலையில், தனியாகப் போகிற ஒருவருக்கு, அதுவும் விடுப்பு குறைவாக இருப்பவருக்கு, விமானமே மேல் என்று நானே சொல்வேன். செகண்ட் ஏசிக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் ஒரு நாள், ஒன்றரை நாள் சம்பளத்துக்குள் அடங்கிவிடும். மிச்சமாகும் நேரமோ முழுதாக ஒரு நாளுக்கும் மேல். ராஜ்தானியோடு ஒப்பிட்டால் வித்தியாசம் இன்னும் சுருங்குகிறது. 2016 செப்டம்பர் 9 முதல் ராஜ்தானி, சதாப்தி, துரந்தோ ரயில்களில் பத்து விழுக்காடு இடங்கள் நிரம்பும்தோறும் அடிப்படைக் கட்டணம் பத்து விழுக்காடு ஏறும் ஃப்ளெக்ஸி முறை நடப்பில் இருக்கிறது. அந்த ஏணியின் மேற்படிக்குப் போன சென்னை ராஜ்தானியின் செகண்ட் ஏசி கட்டணம், முன்கூட்டியே எடுத்த விமான டிக்கெட்டின் பக்கத்தில் போய் நிற்கிறது. இந்த முறை பயணிகளை ரயிலிலிருந்து விலக வைத்ததை 2018இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கையே சுட்டிக்காட்டியது. அதன் பிறகு சில ரயில்களில் தளர்த்தவும் செய்தீர்கள்.

ஆனால் குடும்பமாகப் போகும்போது இந்தக் கணக்கு அப்படியே தலைகீழாகிவிடுகிறது. கணவன், மனைவி, எழுபது வயதுப் பாட்டி, பத்து வயதில் ஒரு பெண், நான்கு வயதில் ஒரு பையன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரயிலில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தனிப் படுக்கை கேட்காவிட்டால் கட்டணமே இல்லை. ஆக நான்கு படுக்கைகள். தேர்ட் ஏசி 2,200 ரூபாய் என்று கொண்டால் போகும் செலவு 8,800 ரூபாய். விமானத்தில் இரண்டு வயதைத் தாண்டிய குழந்தைக்குத் தனி இருக்கை, பெரியவர்களுக்குரிய அதே கட்டணம். ஆக ஐந்து இருக்கைகள். ஆறாயிரம் என்று மலிவாகவே கொண்டாலும் 30,000 ரூபாய். கோடை விடுமுறையில் அது ஒன்பதாயிரமானால் 45,000 ரூபாய். திரும்பி வர இன்னொரு மடங்கு. எங்கள் பகுதியில் வாடகைக்கு இருக்கும் ஒரு நடுத்தரக் குடும்பத்துக்கு இது இரண்டு மூன்று மாத வாடகை. அந்தப் பாட்டிக்கு 2020 மார்ச் 20ஆம் தேதிக்கு முன்பு ரயிலில் பாதிக் கட்டணம்தான் என்பதையும் நினைவூட்ட வேண்டும். ஐம்பத்தெட்டு வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு 50 விழுக்காடும், அறுபது வயதுக்கு மேற்பட்ட ஆண்களுக்கு 40 விழுக்காடும் இருந்த சலுகையைப் பெருந்தொற்றைக் காரணம் காட்டி நிறுத்தினீர்கள். பெருந்தொற்று போய்விட்டது. சலுகையைக் கேட்டால் அந்தச் சராசரிச் சலுகைக் கணக்கே பதிலாக வருகிறது. எல்லா வகுப்புகளிலும் தர இயலாதென்றால் ஸ்லீப்பரிலும் தேர்ட் ஏசியிலுமாவது தாருங்கள் என்று நாடாளுமன்ற நிலைக்குழுவே கேட்டுப் பார்த்துவிட்டது.

விமான டிக்கெட் வாங்கும் திரையையும் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். முதல் பக்கத்தில் ஒரு விலை தெரியும். உள்ளே போனால் அடிப்படைக் கட்டணம், விமான நிலையப் பயன்பாட்டுக் கட்டணம், பாதுகாப்புக் கட்டணம், ஜிஎஸ்டி என்று பிரியும். அடுத்த பக்கத்தில் இருக்கையைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி, ஜன்னலோரத்துக்கு ஒரு விலை, முன்வரிசைக்கு ஒரு விலை என்று வண்ணம் வண்ணமாகக் காட்டும். இலவச இருக்கைகள் பெரும்பாலும் நடு இருக்கைகளாகவே இருக்கும். அதற்கடுத்து உணவு, காப்பீடு, முன்னுரிமைச் செக்-இன். சில தளங்களில் ஏற்கெனவே டிக் போட்டு வைத்திருக்கும் கட்டத்தைக் கவனித்து எடுக்காவிட்டால் அதுவும் கணக்கில் சேரும். கடைசியில் பணம் கட்டும் இடத்தில் ‘கன்வீனியன்ஸ் ஃபீ’ என்று ஆளுக்கு முந்நூறு, நானூறு ரூபாய். யாருடைய வசதிக்காக என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. பன்னிரண்டு வயது வரையுள்ள குழந்தைகளைப் பெற்றோரில் ஒருவரின் பக்கத்திலேயே உட்கார வைக்க வேண்டும் என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2024 ஏப்ரலில் அறிவுறுத்தியது உண்மையிலேயே நல்ல காரியம். அதைத் திரையிலும் சொல்லியிருந்தால், பிள்ளை தனியே உட்கார நேருமோ என்று அஞ்சி இருக்கைக்குப் பணம் கட்டும் தாய்மார்கள் பலர் அந்தப் பணத்தை மிச்சம் பிடித்திருப்பார்கள்.

மூட்டையைப் பற்றிச் சொல்லாமல் தமிழ்க் குடும்பத்தின் பயணக் கணக்கு முடியாது. ரயிலில் ஸ்லீப்பரிலும் தேர்ட் ஏசியிலும் ஆளுக்கு 40 கிலோ வரை இலவசம். எடை போட்டுப் பார்ப்பவர்களும் அரிது. விமானத்தில் பொதுவாக 15 கிலோ பெட்டிக்கும் 7 கிலோ கைப்பைக்கும். ஊரிலிருந்து திரும்பும்போது புழுங்கலரிசியும் கருப்பட்டியும் செக்கு நல்லெண்ணெயும் மிளகாய் வற்றலும் வீட்டில் இடித்த பொடிகளும் வரும். கூடுதல் கிலோ ஒவ்வொன்றுக்கும் கவுண்டரில் நூற்றுக்கணக்கில் கட்டி அவற்றைக் கொண்டுவந்தால், தில்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வாங்குவதைவிட விலை கூடிப்போகும். கொப்பரைத் தேங்காயை விமானத்தில் அனுமதிப்பதே இல்லை. கைப்பையில் வைத்த மாவடு ஜாடியைப் பாதுகாப்புச் சோதனை மேசையில் விட்டுவிட்டுப் போகச் சொன்னபோது, ஒரு மூதாட்டி அதைத் திறந்து, வரிசையில் நின்ற எங்களுக்கெல்லாம் ஆளுக்கு இரண்டாகக் கொடுத்துவிட்டுப் போனார். சோதனை செய்த காவலரும் ஒன்று வாங்கிக்கொண்டார்.

இவையெல்லாம் ஓரளவு தெரிந்தவை. இருவரும் சேர்ந்து கவனிக்க வேண்டியது இனிமேல் சொல்லப்போவதை.

ரயிலில் கட்டணம் தெரியும், இடம் கிடைக்குமா என்பது தெரியாது. விமானத்தில் இடம் கிடைக்கும், கட்டணம் என்ன என்பது தெரியாது. இந்த இரண்டு தெரியாமைகளும் ஒன்றையொன்று வளர்க்கின்றன. தில்லிப் பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை மே மாத நடுவில் தொடங்கும். முன்பதிவுக் காலத்தை 2024 நவம்பர் 1 முதல் 120 நாட்களிலிருந்து 60 நாட்களாகக் குறைத்தீர்கள். ஆகவே விடுமுறையின் முதல் வார டிக்கெட்டுகள் மார்ச் நடுவில் காலை எட்டு மணிக்குத் திறக்கின்றன. திறந்த சில நிமிடங்களில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலும் ஜி.டி. எனப்படும் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸிலும் தேர்ட் ஏசி காத்திருப்புப் பட்டியலுக்குப் போய்விடுகிறது. திருநெல்வேலி, நாகர்கோவில் போகிறவர்களுக்கு நேரடியாக உள்ள திருக்குறள் எக்ஸ்பிரஸ் வாரத்தில் இரண்டே நாள். மதுரைக்குப் போகும் தமிழ்நாடு சம்பர்க் கிராந்தியும் வாரத்தில் இரண்டே நாள். இவற்றைத் தினசரி ஆக்கக் கோரும் மனுக்கள் எத்தனை போயிருக்கும் என்பது உங்கள் அலுவலகத்துக்குத்தான் தெரியும்.

காத்திருப்புப் பட்டியலில் இருப்பவர் என்ன செய்வார்? 2025 மே 1 முதல் அந்த டிக்கெட்டோடு ஸ்லீப்பரிலோ ஏசியிலோ ஏற முடியாது என்ற விதியைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்துகிறீர்கள். இடம் உறுதியானவர்களுக்கு அது நிம்மதி, நானும் வரவேற்கிறேன். ஆனால் தன் நிலை என்ன என்பது பட்டியலில் உள்ளவருக்கு எப்போது தெரிகிறது? முன்பு ரயில் புறப்பட நான்கு மணி நேரம் இருக்கும்போது சார்ட், அதாவது யாருக்கு இடம் என்ற பட்டியல், தயாரானது. 2025 ஜூலைக்குப் பிறகு எட்டு மணி நேரம் என்றும், அதே ஆண்டு டிசம்பரில் சுமார் பத்து மணி நேரம் என்றும் மாற்றினீர்கள். ஒரு ராத்திரிப் பயணத்துக்கு அது போதும். 33 மணி நேரம், 48 மணி நேரம் பயணம் செய்கிறவருக்கு அது எந்த மூலைக்கு? புறப்படப் பத்து மணி நேரம் இருக்கையில், உனக்கு இடமில்லை என்று கைப்பேசியில் செய்தி வந்தால், அவர் அந்த நிமிடமே விமான டிக்கெட் தேடுகிறார்; அவரைப் போலவே அதே ரயிலில் இடம் கிடைக்காத நூற்றுக்கணக்கானவர்களும் அதே நேரத்தில் தேடுகிறார்கள். விமான நிறுவனங்களின் விலையிடும் கணினிக்கு வேறென்ன வேண்டும்? தேவை ஏறுவதைக் கண்டவுடன் அது மலிவான கட்டணப் படிகளை மூடிவிட்டு மேற்படியைத் திறக்கிறது. மார்ச் மாதத்தில் 6,000 ரூபாய்க்கு வாங்கியிருக்கக்கூடிய இருக்கையை, ரயிலை நம்பிக் காத்திருந்த குற்றத்துக்காக, மே மாதத்தில் அவர் இரட்டை விலைக்கு வாங்குகிறார்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அரசு தன் ஊழியர்களுக்கு டிக்கெட் எடுக்கும்போது, பயணத்துக்கு 21 நாட்களுக்கு முன்பே எடுக்க வேண்டும், அந்த நேரத்தில் கிடைக்கும் மிகக் குறைந்த கட்டணத்தில் எடுக்க வேண்டும் என்று 2022இல் நிதி அமைச்சகம் அறிவுறுத்தியது. விமானக் கட்டணத்தின் போக்கு அரசுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. அதே அரசின் ரயில்வே, தன் பயணிக்குச் சுமார் பத்து மணி நேரத்துக்கு முன்புதான் உண்மையைச் சொல்கிறது.

இரு அமைச்சகங்களும் சேர்ந்து செயல்பட முடியாது என்றும் சொல்ல முடியாது. 2025 டிசம்பர் முதல் வாரத்தில் நாட்டின் மிகப் பெரிய விமான நிறுவனத்தின் சேவை குலைந்து விமானங்கள் கொத்துக் கொத்தாக ரத்தானபோது, டிசம்பர் 6ஆம் தேதி விமானப் போக்குவரத்து அமைச்சகம் தூரத்துக்கேற்ப உச்சவரம்பு விதித்தது: 500 கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய், 1,000 வரை 12,000, 1,500 வரை 15,000, அதற்கு மேல் 18,000. அதே நாட்களில் ரயில்வே 37 ரயில்களில் 116 கூடுதல் பெட்டிகளை இணைத்தது. விமானம் கைவிட்ட பயணியை ரயில் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று அன்று இரண்டு பவன்களுக்கும் தோன்றியது. ரயில் கைவிட்ட பயணியை விமானம் என்ன விலைக்கு ஏற்றுக்கொள்கிறது என்பதை மட்டும் ஏன் யாரும் பார்ப்பதில்லை? தில்லி–சென்னைக்கு அன்று பொருந்திய 18,000 ரூபாய் என்ற உச்சவரம்பே தேர்ட் ஏசி கட்டணத்தைப் போல எட்டு மடங்கு என்பதையும் கவனியுங்கள். சிறு நகரங்களுக்குக் குறைந்த கட்டணத்தில் விமானம் விடும் உடான் திட்டத்தில், ஒரு மணி நேரப் பயணத்துக்கு 2,500 ரூபாய் என்று பாதி இருக்கைகளுக்கு வரம்பு கட்டி 2017 ஏப்ரலில் சிம்லா–தில்லி விமானத்தைத் தொடங்கியதும் இதே அமைச்சகம்தான். ஆகவே கட்டணம் முழுக்கச் சந்தையின் விருப்பம் என்று எங்களிடம் சொல்வது பொருந்தாது.

அடுத்து, விமானத்தையும் ரயிலையும் இணைத்துப் போகிறவர்களின் நிலை. தென்மாவட்டத்துக்காரர்களுக்கு இப்போது மிகவும் பயனுள்ள வழி இதுதான். இதைப் பற்றி அரசு ஒரு வரிகூடச் சொல்வதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். தில்லியில் விடியற்காலை விமானம் ஏறினால் பத்து, பத்தரை மணிக்குச் சென்னையில் இறங்கலாம். விமான நிலையத்துக்கு எதிரே, கிராண்ட் சதர்ன் டிரங்க் (ஜி.எஸ்.டி.) சாலைக்கு அந்தப் பக்கம், திரிசூலம் புறநகர் ரயில் நிலையம். அங்கிருந்து பல்லாவரம், குரோம்பேட்டை, சானடோரியம் தாண்டினால் தாம்பரம். சென்னை எழும்பூரிலிருந்து திருநெல்வேலி செல்லும் வந்தே பாரத், 2023 செப்டம்பர் 24 முதல் ஓடிக்கொண்டிருக்கிறது; வாரத்தில் ஒரு நாள் தவிர மற்ற நாட்களில், பிற்பகலில் புறப்பட்டுத் தாம்பரத்தில் நின்று, இரவு பதினொரு மணிக்குள் திருநெல்வேலி போய்ச் சேர்கிறது. அதை விட்டாலும் பொதிகை, நெல்லை, முத்துநகர், பாண்டியன் என்று தெற்கே போகும் இரவு ரயில்கள் எல்லாம் தாம்பரத்தில் நிற்கின்றன. திருக்குறளில் இரண்டு இரவும் இரண்டு பகலும் ஆகும் பயணம் இப்படிப் போனால் ஒரே நாளில் முடிகிறது. திருவனந்தபுரத்துக்கோ மதுரைக்கோ விமானம் மாறிப் போவதைவிடப் பல நாட்களில் செலவும் குறைகிறது. எங்கள் குடியிருப்பில் முதியவர்களைக்கூட இப்போது இப்படித்தான் அனுப்பிவைக்கிறோம்.

டிசம்பர், ஜனவரியில் இந்த வழிக்கு வருகிறது வினை. பொங்கலுக்குப் போகிற நாட்களும் தில்லியின் மூடுபனி நாட்களும் ஒன்று. ஐந்து மணியை ஒட்டித்தான் விமான நிலைய மெட்ரோ தொடங்கும் என்பதால் டாக்ஸி வைத்துக்கொண்டு நள்ளிரவிலேயே போய்ச் சேர்ந்து, பெட்டியையும் ஒப்படைத்துவிட்டு உட்கார்ந்தால், கண்ணாடிக்கு வெளியே விமானத்தின் வால்கூடத் தெரியாது. ஆறு மணி விமானம் எட்டரை ஆகும், பதினொன்று ஆகும், ஒரு மணி ஆகும். ஒவ்வொரு குறுஞ்செய்தி வரும்போதும் வரிசை வரிசையாகத் தமிழ்க் குரல்கள் கேட்கும்: “தாம்பரம் வண்டி போச்சுங்க. ராத்திரி வண்டியில ஏதாவது இருக்கான்னு பாருங்க.” ராத்திரி வண்டியில் பொங்கல் வாரத்தில் என்ன இருக்கும்?

அப்போது அவருடைய உரிமை என்ன? விமான நிறுவனத்தைப் பொறுத்தவரை அவரைச் சென்னையில் இறக்கிவிட்டால் கடமை முடிந்தது; வானிலை காரணமென்றால் இழப்பீடும் கிடையாது. ரயில்வேயைப் பொறுத்தவரை ரயில் நேரத்துக்குப் புறப்பட்டது, பயணிதான் வரவில்லை. ரயில் புறப்படச் சில மணி நேரமே இருக்கும்போது உறுதியான டிக்கெட்டுக்குப் பணம் திரும்பாது, டி.டி.ஆர். என்னும் பணம் திரும்பக் கேட்கும் மனுவைப் போடலாமென்றால் அதற்கென்று ஏற்கப்பட்ட காரணங்களில் விமானத் தாமதம் இல்லை. இரு தரப்பும் விதிப்படி சரி. பணம் மட்டும் போய்விட்டது. இதே பயணி இரண்டு ரயில்களில் மாறிப் போயிருந்தால், 2019 ஏப்ரல் 1 முதல் நீங்களே தந்த வசதிப்படி இரண்டு பி.என்.ஆர். எண்களையும் இணைத்திருப்பார், முதல் ரயில் தாமதமாகி இரண்டாவது தவறினால், பயணம் செய்யாத பகுதியின் கட்டணம் திரும்பக் கிடைத்திருக்கும். ஒரே டிக்கெட்டில் இரண்டு விமானங்களில் போயிருந்தால், இணைப்பு விமானம் தவறும்போது அடுத்ததில் ஏற்றிவிடுவது விமான நிறுவனத்தின் பொறுப்பாகியிருக்கும். விமானத்திலிருந்து ரயிலுக்கு மாறுகிறவரை மட்டும் இரு தரப்பும் தங்கள் பயணியாகக் கருதவில்லை.

இதைச் சரிசெய்யப் புதிதாக ஒரு நிறுவனம் அமைக்க வேண்டியதில்லை. ரயில்வேயின் சொந்த நிறுவனமான ஐ.ஆர்.சி.டி.சி. ரயில் டிக்கெட்டும் விற்கிறது, விமான டிக்கெட்டும் விற்கிறது. அரசு ஊழியர்களுக்கு விமான டிக்கெட் எடுக்க அங்கீகரிக்கப்பட்ட மூன்று முகவர்களில் அதுவும் ஒன்று. ஒரே கணக்கில், ஒரே பெயரில், ஒரே நாளில், மாறுவதற்கு நான்கு மணி நேர இடைவெளி விட்டு வாங்கிய விமான டிக்கெட்டையும் ரயில் டிக்கெட்டையும் இணைத்துக்கொள்ள அனுமதியுங்கள். விமானம் எத்தனை மணிக்குத் தரையிறங்கியது என்பது விமான நிலையத்தின் பதிவிலேயே இருக்கிறது. பயணி சான்றிதழ் வாங்கிவர வேண்டியதில்லை. விமானம் ரத்தானாலோ தாமதமாகி ரயில் தவறினாலோ கட்டணத்தில் ஒரு சிறு தொகையைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பிக் கொடுங்கள். ரயில் தாமதமாகி விமானம் தவறும் எதிர்த்திசைப் பயணத்துக்கு, விமான நிறுவனங்கள் அதே நாளின் அடுத்த விமானத்தில் இடமிருந்தால் கட்டண வித்தியாசம் கேட்காமல் ஏற்றிக்கொள்ள விமானப் போக்குவரத்து அமைச்சகம் விதி செய்யட்டும். இரண்டாவது சற்றுக் கடினம் என்பது எனக்குப் புரிகிறது. முதலாவது கடினமில்லை. தில்லி–சென்னை–தாம்பரம் வழியில் ஒரு குளிர்காலத்துக்குச் சோதனையாக நடத்திப் பாருங்கள்.

இத்துடன், 24 மணி நேரத்துக்கு மேல் ஓடும் ரயில்களுக்காவது முதல் சார்ட்டைப் புறப்படுவதற்கு ஒரு நாள் முன்னதாகத் தயாரிக்க வேண்டுகிறேன். தட்கல் ஒதுக்கீடு அதற்குத் தடையென்றால், அன்று மாலை அதற்கொரு துணைப் பட்டியல் வரட்டும். திருக்குறளும் சம்பர்க் கிராந்தியும் தினசரி ஆகும் நாள் வரை, கோடை விடுமுறைக்கும் பொங்கலுக்கும் தமிழ்நாட்டுக்கு விடும் சிறப்பு ரயில்களை, விமானக் கட்டணம் ஏறி முடிந்த பிறகு கடைசி வாரத்தில் அறிவிக்காமல், முன்பதிவு திறக்கும் நாளிலேயே அறிவியுங்கள். விமானப் போக்குவரத்து அமைச்சகத்தைக் கேட்டுக்கொள்வது: முதல் திரையில் காட்டும் விலையே கடைசித் திரையிலும் இருக்க வேண்டும், நெரிசல் காலத்துக்கான உச்சவரம்பு நெருக்கடி வந்த பிறகு அறிவிக்கும் ஒன்றாக இல்லாமல், ஆண்டின் தொடக்கத்திலேயே வெளியிடப்பட வேண்டும். விமான எரிபொருள் இன்னும் ஜிஎஸ்டிக்கு வெளியே இருப்பதும், மாநிலங்கள் அதன்மீது தம் விருப்பப்படி மதிப்புக் கூட்டு வரி (வாட்) வசூலிப்பதும் கட்டணத்தைக் கூட்டும் காரணங்களில் அடங்கும் என்று நிறுவனங்கள் சொல்வது நியாயமே. அதை ஜிஎஸ்டி மன்றத்தில் பேசித் தீர்க்க வேண்டியது அரசுகள்தான்.

அடுத்த கோடை விடுமுறைக்கான முன்பதிவு மார்ச் நடுவில் திறக்கும். சார்ட் நேரத்தையும் சிறப்பு ரயில் அறிவிப்பையும் பற்றிய முடிவு அதற்கு முன்பும், விமான–ரயில் இணைப்பைப் பற்றிய முடிவு வரும் மூடுபனிக் காலத்துக்கு முன்பும் வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பதில் எழுதுவீர்களானால், இரண்டு பவன்களும் தனித்தனியே எழுதாமல், இரு கையெழுத்தும் உள்ள ஒரே கடிதமாக அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தில்லிவாழ் தமிழ்ப் பயணி ஒருவர்,
மயூர் விஹார், தில்லி.